பழைய படகு இன்ஜின்: வாங்கும்போதும் விற்கும்போதும் எதை நம்புவது?

கையில் இருக்கும் 40 ஹெச்பி டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டை (படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் இன்ஜின்) விற்றுவிட்டு, பயன்படுத்திய 60 ஹெச்பி ஃபோர்-ஸ்ட்ரோக் ஒன்றை வாங்க வேண்டும், இரண்டிலும் ஏமாறக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவதை முதலில் சொல்கிறேன். வாங்க வருகிறவர் எதையெல்லாம் தோண்டிப் பார்ப்பார் என்று தெரிந்துவிட்டால், விற்பதில் பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

நேரில் போவதற்கு முன் போனிலேயே சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலாவது ஷாஃப்ட் நீளம், அதாவது பின்பலகையில் மாட்டும் இடத்திலிருந்து கீழே இறங்கும் கால் பகுதியின் நீளம். அவுட்போர்டுகள் 15, 20, 25 அங்குலம் என்று வரும். உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்கு அது பொருந்த வேண்டும். விசிறிக்கு (ப்ரொப்பெல்லர்) மேலே இருக்கும் தட்டையான தகடு படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ சற்றுக் கீழேயோ நிற்க வேண்டும். ஷாஃப்ட் குட்டையாக இருந்தால் விசிறி காற்றை இழுத்து வீணாகச் சுற்றும். நீளமாக இருந்தால் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வேகத்தைத் தின்னும். "அதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம்" என்பார்கள். மாற்றலாம், ஆனால் அந்தச் செலவில் பேரத்தில் மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும்.

இரண்டாவது, அந்த இன்ஜின் ஒற்றையாக ஓடியதா, ஜோடியில் ஒன்றா? இரட்டை இன்ஜின் படகுகளில் ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுற்றும்படி மாட்டுவது வழக்கம். அந்த எதிர்த்திசை இன்ஜின் சில சமயம் தனியாக விலைக்கு வரும், விலையும் குறைவாக இருக்கும். ஓட்டலாம். ஆனால் அதற்கான விசிறி எல்லா இடத்திலும் கிடைக்காது, நாளை நீங்கள் விற்கப் போகும்போதும் இதே சிக்கல் உங்கள் தலையில் விழும்.

மூன்றாவது, இன்ஜினோடு என்னென்ன வருகிறது என்பது. ரிமோட் கன்ட்ரோல் பெட்டி, கேபிள்கள், வயரிங் ஹார்னஸ், சாவி ஸ்விட்ச், மீட்டர்கள், விசிறி. விலை மலிவாகத் தெரியும் பல இன்ஜின்கள் இவை ஒன்றும் இல்லாத வெறும் இன்ஜின்கள். கேபிளால் இயங்கும் பழைய வகையில் சமாளித்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள இன்ஜினில் அதற்குரிய கன்ட்ரோல் இல்லாவிட்டால் ஓட்டிப் பார்க்கவே வழியில்லை.

எடையையும் இப்போதே யோசித்துவிடுங்கள். 60 ஹெச்பி ஃபோர்-ஸ்ட்ரோக் பெரும்பாலும் 100 கிலோவைத் தாண்டும். உங்கள் பழைய டூ-ஸ்ட்ரோக் அதைவிட இலகு. படகில் திறன் தகடு இருந்தால் அதில் அதிகபட்ச ஹெச்பி எவ்வளவு என்று பாருங்கள். பின்பலகையின் உள்கட்டை ஊறிப் போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இன்ஜின் பிறகு.

சீரியல் எண் தகட்டின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் டீலரிடம் எண்ணைக் கொடுத்தால் தயாரித்த ஆண்டு, திரும்ப அழைத்து ஏதாவது மாற்றச் சொன்னார்களா என்பதெல்லாம் தெரியவரும். தகடு இருப்பது படகில் பொருத்தும் பிராக்கெட்டில். பிராக்கெட்டைக் கழற்றி வேறொன்று மாட்ட முடியும். அதனால் பல கம்பெனிகள் இன்ஜின் பிளாக்கிலேயே ஒரு சிறு வட்ட அடைப்பில் எண்ணைப் பொறித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். தகடு இல்லை, சுரண்டப்பட்டிருக்கிறது என்றால் விலை எவ்வளவு இனித்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். திருட்டு இன்ஜினை வாங்கியவருக்குப் பணமும் போகும், இன்ஜினும் போகும்.

எந்த பிராண்ட் என்பதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. உதிரிபாகம் கிடைப்பதில் இருக்கிறது. உதாரணமாக எவின்ரூட் நூறாண்டுக்கு மேல் பழைய பெயர்; ஆனால் 2020ல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்த இன்ஜின்கள் இன்னும் ஓடுகின்றன, நன்றாகவே ஓடுகின்றன. வாங்குவதென்றால் உங்களுக்கு எட்டும் தூரத்தில் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் பாகங்களும் இருக்கிறதா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள்.

அடுத்து மணிக்கணக்கு. எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது?" டாஷ்போர்டில் தனியாக மாட்டிய மீட்டர் காட்டும் எண், படகு எத்தனை மணி ஓடியது என்பதைத்தான் காட்டும். இந்த இன்ஜின் பிறகு வந்து உட்கார்ந்ததாக இருக்கலாம். கம்ப்யூட்டர் உள்ள ஃபோர்-ஸ்ட்ரோக்கில் அந்தந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரை இணைத்தால் மொத்த மணி, எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு நேரம், என்னென்ன பிழைக் குறியீடுகள் என்று வரும். 60 ஹெச்பி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் இது சாத்தியம். டீலரிடம் ஒரு சிறு தொகை கொடுத்து எடுத்துவிடுங்கள்.

ஆனால் மணிக்கணக்குக்கு மக்கள் கொடுக்கும் மரியாதை அதிகம் என்பது என் எண்ணம். ஒழுங்காக சர்வீஸ் செய்து, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, 800 மணி ஓடிய இன்ஜினை நான் தயங்காமல் வாங்குவேன். 60 மணி மட்டும் ஓடிப் பத்து வருடம் கொட்டகையில் நின்றதைத் தயங்கித்தான் தொடுவேன். நின்ற இன்ஜினில் பெட்ரோல் பிசினாகி கார்பரேட்டர் துளைகளையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். குளிர்விக்கும் பாதையில் தங்கிய உப்பு உள்ளிருந்தே அலுமினியத்தை அரிக்கும். மீட்டரில் இவை எதுவும் ஏறாது.

பார்க்கப் போகும் நாளில் "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் மேல்மூடியைத் திறந்து பிளாக்கின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்ப அது அடம்பிடிக்கும் இன்ஜினாக இருக்கலாம். அன்று கோபப்பட வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

மூடியைத் திறந்ததும் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளில் பெயிண்ட் உடைந்திருந்தால் திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றமில்லை, ஏன் திறந்தார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். சிலிண்டர் அருகே பெயிண்ட் கொப்பளித்தோ நிறம் மாறியோ இருந்தால் எப்போதோ அதிகமாகச் சூடேறியிருக்கிறது. இணைப்புகளின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் அந்த கேஸ்கட் கசிகிறது. வயர் கனெக்டர்களுக்குள்ளும் ஃப்ளைவீலுக்கு அடியிலும் வண்டலோ மணலோ தெரிந்தால் ஒருமுறையாவது முழுசாக மூழ்கிய இன்ஜின் அது. புதுப் பெயிண்ட்டைப் பற்றி ஒரே ஒரு விதி: வயர் மேலும் ஹோஸ் மேலும் பெயிண்ட் தெறித்திருந்தால், விற்பதற்காக அடித்தது.

கீழே குனிந்து துத்தநாக அனோடுகளைப் பாருங்கள். உப்புத்தண்ணீரில் இன்ஜின் உடம்புக்குப் பதிலாகக் கரைவதுதான் அதன் வேலை. ஓரளவு கரைந்திருப்பது ஆரோக்கியம். பல வருடம் கடலில் இருந்தும் கரையவே இல்லை என்றால் மின்தொடர்பு விட்டுப்போயிருக்கும், அல்லது யாரோ அதன் மேலும் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அப்படியானால் அத்தனை நாளும் கரைந்தது எது என்று தேடுங்கள்.

கியர் ஆயிலுக்கு வருவோம், என் அனுபவத்தில் அதிகம் உண்மை பேசுவது இதுதான். இன்ஜின் ஓரிரவாவது நின்றிருக்க வேண்டும். விசிறிக்கு முன்னால் இருக்கும் கியர்பெட்டியின் கீழ் திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தாலோ உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. பெரும்பாலும் விசிறி ஷாஃப்டில் சுற்றிய தூண்டில் நரம்பு சீலை அறுத்திருக்கும். சீல் மட்டும் என்றால் சின்னச் செலவு, தண்ணீரோடு பல நாள் ஓடி பேரிங் துருப்பிடித்திருந்தால் பெரிய செலவு. எது என்று பிரிக்காமல் தெரியாது, அதனால் பெரியதாகவே கணக்கிட்டு விலை பேசுங்கள். திருகின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் நெருடும் துணுக்குகள் இருந்தால் கியர் பல் உடைந்துகொண்டிருக்கிறது. ஆயில் கண்ணாடிபோல் புத்தம்புதிதாக இருந்தால் நல்ல முடிவுக்கு அவசரப்படாதீர்கள். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து மீண்டும் திறந்து பாருங்கள்.

நியூட்ரலில் விசிறியைக் கையால் சுற்றி, ஷாஃப்ட் நுனி ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஆடினால் எங்கோ பாறையிலோ கட்டையிலோ மோதி வளைந்திருக்கிறது. கியர்பெட்டிக்கு அடியில் துடுப்புபோல் நீட்டியிருக்கும் பகுதியின் நுனி உடைந்து ஒட்டவைத்த தடம் இருந்தால் சந்தேகம் உறுதி. பவர் டில்ட் (பட்டனை அழுத்தி இன்ஜினைத் தூக்கி இறக்கும் அமைப்பு) இருந்தால் முழுக்கத் தூக்கி அப்படியே விட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். தானாக இறங்கினால் அதைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டரின் சீல் போயிருக்கலாம்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம், தண்ணீர்க் குழாயை இணைத்த பிறகுதான். "சும்மா ஒரு நிமிடம் தண்ணீர் இல்லாமலே ஓட்டிக் காட்டுகிறேன்" என்று விற்பவர் கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் சில நொடியிலேயே கருகத் தொடங்கும். இன்ஜினை இவர் இத்தனை நாள் எப்படி வைத்திருந்தார் என்பதற்கும் அந்த ஒரு வாக்கியமே போதும்.

டூ-ஸ்ட்ரோக் கிளம்பும்போது நீலப்புகை விடுவது சகஜம். ஃபோர்-ஸ்ட்ரோக் சூடான பிறகும் நீலமாகப் புகைத்தால் ஆயில் எரிகிறது. பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் தடையில்லாமல் வர வேண்டும். மெலிந்து வந்தால் துளையில் உப்பு அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் மெலிந்தே இருந்தால் பம்பைச் சந்தேகியுங்கள். அந்தத் தண்ணீர் நன்றாக வருவதால் மட்டும் குளிர்விப்பு முழுக்கச் சரி என்று சொல்லிவிட முடியாது. அது பம்ப் வேலை செய்வதற்கான சாட்சி, பிளாக்கின் எல்லா மூலைக்கும் தண்ணீர் போகிறது என்பதற்கான சாட்சி இல்லை. முடிந்தால் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று கொண்டுபோய் ஒவ்வொரு சிலிண்டரின் பக்கமும் அளவெடுங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சூடேறினால் உள்ளே அடைப்பு இருக்கலாம்.

சூடான பிறகு கம்ப்ரஷன் சோதனை, அதாவது பிளக் துளையில் கேஜை மாட்டி ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்ப்பது. எல்லா பிளக்கையும் கழற்றி, கில் ஸ்விட்ச் (இன்ஜினை உடனே நிறுத்தும் ஸ்விட்ச்) கிளிப்பை எடுத்து, பிளக் வயர்களை எர்த்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில இக்னிஷன் பெட்டிகள் கருகிவிடும். த்ராட்டிலை முழுசாகத் திறந்து, கேஜின் முள் ஏறுவது நிற்கும்வரை சுற்றவிடுங்கள். "120 பிஎஸ்ஐ இருக்கிறது, சூப்பர்" என்பதில் பெரிய அர்த்தமில்லை. கேஜுக்கு கேஜ் மாறும், இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். 10 சதவீதத்துக்குள் என்றால் நிம்மதி. 15 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தெரியாமல் வாங்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். சில ஃபோர்-ஸ்ட்ரோக்குகளில் ஸ்டார்ட் எளிதாவதற்காக கேம்ஷாஃப்டிலேயே கம்ப்ரஷனைக் குறைக்கும் அமைப்பு உண்டு. அவற்றில் எண் இயல்பாகவே குறைவாக வரும், அங்கே காற்றை அழுத்திக் கசிவு பார்க்கும் சோதனைதான் நம்பகமானது.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வையுங்கள். வெளிர்பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போய் நீராவியாகிறது. முனையில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கியிருக்கிறது. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபோர்-ஸ்ட்ரோக்கில் டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவுக்கு மேல் ஏறி பெட்ரோல் வாசம் வந்தால் எரிபொருள் கலக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் குறைந்த வேகத்தில் மட்டுமே ஓடிய இன்ஜின்களில் இதைப் பார்க்கலாம். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும், எரிபொருள் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலும் ஆகும்.

இவ்வளவும் கரையில். தண்ணீரில் ஓட்டிப் பார்க்காமல் முழுவிலை கொடுப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கரையில் சுமையில்லாமல் ஓடும் இன்ஜினில் சக்தியைப் பற்றி எதுவும் தெரியாது. ஆட்களோடு படகை எடுத்து த்ராட்டிலை முழுக்கத் திறந்துவிடுங்கள். பல ஃபோர்-ஸ்ட்ரோக்குகளுக்கு 5,000 முதல் 6,000 ஆர்பிஎம் என்று கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும், அதை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உடனே இன்ஜினைப் பழிக்காதீர்கள், விசிறியின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) அதிகமாக இருக்கலாம். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை மாறும். 300 குறைந்தால் விசிறியாக இருக்கலாம், 1,500 குறைந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இன்ஜின் ஆர்பிஎம் திடீரென்று ஏறி படகு வேகம் ஏறாவிட்டால் விசிறியின் நடுவில் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ரப்பர் ஹப் வழுக்குகிறது. சுமையில் கியர் "டக்" என்று விட்டுவிட்டுப் பிடித்தால் கியரின் பற்கள் தேய்ந்திருக்கின்றன, ரிவர்ஸிலும் இதைச் சோதியுங்கள். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். சூடேறும் கோளாறு முதல் ஐந்து நிமிடத்தில் முகம் காட்டாது. பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் காத்திருந்து, சூடாக இருக்கும்போதே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பியது நடுத்தண்ணீரில் கிளம்பாமல் போவது இந்த நேரத்தில்தான். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், கில் ஸ்விட்ச் கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். தெரியாத இன்ஜினோடு போகிறீர்கள்.

இன்போர்டு டீசலை (படகுக்குள்ளேயே பொருத்தும் இன்ஜின்) நீங்கள் கேட்கவில்லை. யாராவது அதைக் காட்டி ஆசை காட்டினால் இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை அழுத்தத்தோடு வெளியே தள்ளுகிறதா பாருங்கள், தண்ணீரும் எக்ஸாஸ்டும் கலக்கும் எல்போவைக் கழற்றச் சொல்லுங்கள், ஆயில் மாதிரியை லேபுக்கு அனுப்புங்கள். ஆயிலில் சோடியம் தெரிந்தால் கடல்நீர் உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு.

இனி உங்கள் 40 ஹெச்பி. படகிலிருந்து கழற்றிவிட்டு விற்காதீர்கள். ஸ்டாண்டில் நிற்கும் இன்ஜினைவிட ஓட்டிக் காட்டக்கூடிய இன்ஜினுக்கு எப்போதும் நல்ல விலை. பழைய பெட்ரோலை வடித்துப் புதியது ஊற்றுங்கள், கார்பரேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், இம்பெல்லரை மாற்றிப் பழையதை எடுத்து வையுங்கள். பெயிண்ட் அடிக்க வேண்டாம். அழுக்கைத் துடைத்தால் போதும். கியர் ஆயிலை விற்பதற்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தால் மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார். அவர் முன்னால் திறந்து காட்டுவது பத்து வாக்குறுதிக்குச் சமம்.

கம்ப்ரஷன் சோதனையை வீடியோ எடுங்கள். சீரியல் தகட்டில் தொடங்கி, வெட்டாமல், ஒவ்வொரு சிலிண்டரின் கேஜ் எண்ணும் தெரியும்படி இருக்கட்டும். குறைகளை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள்: டில்ட் தாழ்ப்பாள் இறுக்கம், மூடியில் கீறல், எதுவானாலும். வந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் குறைக்கு வாங்குபவர் மூன்று மடங்கு விலை குறைப்பார். ஆட்டோ ஆயில் பம்ப் உள்ளதா, பெட்ரோலிலேயே கலக்க வேண்டியதா, எந்த விகிதம் என்பதை எழுதி இன்ஜின் மேலேயே ஒட்டுங்கள். பம்பைக் கழற்றிவிட்ட இன்ஜினை அது இருப்பதாக நினைத்து வெறும் பெட்ரோலில் ஓட்டினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், அந்தச் சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

விலை வைக்க விளம்பரங்களில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். மாதக்கணக்காக விற்காமல் கிடப்பவைதான் அங்கே அதிகம் கண்ணில் படும். எது உண்மையில் கைமாறியது, எவ்வளவுக்கு என்று மெக்கானிக்குகளைக் கேளுங்கள். டூ-ஸ்ட்ரோக்குக்கு இன்னும் ஆள் உண்டு: எடை குறைவு, கையிலேயே பிரித்து மாட்டலாம். அதே சமயம் கார்பரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்குகளுக்குத் தடை உள்ள நீர்நிலைகள் பல நாடுகளில் இருக்கின்றன. வாங்குபவர் எங்கே ஓட்டப்போகிறார் என்று கேட்டுவிடுவது இருவருக்கும் நல்லது.

பார்க்காமலே முழுவிலைக்கு ஒத்துக்கொண்டு, "என் ஏஜென்ட் வந்து எடுப்பார், கூடுதலாக அனுப்பிய தொகையைத் திருப்பி அனுப்புங்கள்" என்பவர் மோசடிக்காரர். பணம் உங்கள் கணக்கில் உறுதியாக வந்து சேர்ந்ததை நீங்களே வங்கியில் பார்த்த பிறகு இன்ஜினைக் கொடுங்கள். அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மதிப்பில்லை. விற்பனைச் சீட்டில் சீரியல் எண், ஹெச்பி, ஆண்டு, தொகை, தேதி, நீங்கள் சொன்ன குறைகள், இருவர் கையெழுத்து இருக்கட்டும். வாங்கும்போதும் இதே சீட்டைக் கேட்டு வாங்குங்கள், இன்ஜின் மேல் கடன் எதுவும் இல்லை என்ற வரியோடு.

புது 60 வந்ததும், முந்தைய ஓனர் எவ்வளவு சத்தியம் செய்திருந்தாலும் இம்பெல்லர், ஃபில்டர்கள், இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இந்தச் செலவை பேரத்தின்போதே விலையில் கழித்திருக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள மாடல் என்றால் அதன் வயதையும் கேளுங்கள், மணிக்கணக்கு குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வருடக்கணக்கு உண்டு. பத்து மணி நேரம் ஓடிய பிறகு கியர் ஆயில் திருகை மறுபடி ஒருமுறை தளர்த்திப் பாருங்கள்.